தென்கோடித் துறையில் மூன்று நாள்கள்

தமிழ் படித்தவர்க்குத் தெற்கு ஓர் இனிய திசை. தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. தென்றல் பொதியமலையில் பிறந்து சந்தன மணம் சுமந்து வரும்; வாடையோ பிரிந்தவர்களை வருத்த வரும். கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து மாலையொன்றில், அர்ஜென்டினா நாட்டின் தென்கோடியிலுள்ள உஷுவாயா விமான நிலையத்தின் வாசலில் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையோடு நின்று, தாம் நடத்திய பாடம் அங்கே தலைகீழாய்க் கிடப்பதை உடம்பால் உணர்ந்தார். அந்த ஊரில் வெம்மையைக் கொண்டுவருவது வடகாற்று. தென்காற்றோ உறைபனிக் கண்டத்தில் புறப்பட்டுக் கடலைக் கடந்து வந்து எலும்பைத் தொடுவது. டிசம்பர் அங்கே கோடைக்காலம் என்று சொன்னார்கள். ஆசிரியருக்குப் பல் கிட்டியது.

மெல்லிய சட்டையோடு அவர் நின்றதற்குக் காரணம், அவருடைய பெட்டி வந்து சேராததுதான். கோலாலம்பூரில் புறப்பட்டு, வளைகுடா நாடொன்றில் இறங்கி, பிரேசிலைத் தொட்டு, புவெனஸ் ஐரிஸ் நகரில் ஓர் இரவு தங்கி, மீண்டும் மூன்றரை மணி நேரம் தெற்கே பறந்து வந்த பயணத்தில், பெட்டி எந்த ஊரில் நின்றுவிட்டது என்பதை விமான நிறுவனத்தாரால் கூற இயலவில்லை. உடன் வந்த மகளின் பெட்டி வந்துவிட்டது. குளிராடைகளைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படவில்லை. அவை ஊரில் வாடகைக்குக் கிடைக்கும். பெட்டியின் அடியில் ஒரு வேட்டியில் சுற்றி நீல அட்டைக் குறிப்பேடு ஒன்றை வைத்திருந்தார். அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

இந்தப் பயணம் மகளின் ஏற்பாடு. தந்தைக்கு எழுபது நிறைந்ததை ஒரு விருந்தோடு முடித்துவிட அவள் விரும்பவில்லை. சிறுவயதில் அவரிடமே படித்தவள் அவள். ஸ்காட்டும் ஆமுண்ட்சனும் தென்துருவத்தை நோக்கிச் சென்ற கதையை அவர் சொல்லும்போது, ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியின் தகரக் கூரைக்கடியில் வியர்த்துக்கொண்டு கேட்டிருந்த முப்பது பிள்ளைகளும் கைகளைத் தேய்த்துக்கொண்டதை அவள் மறக்கவில்லை. 1982இல் பிரதமர் மகாதீர் ஐக்கிய நாட்டு மன்றத்தில் அண்டார்க்டிகாவைப் பற்றிப் பேசியதும், அடுத்த ஆண்டே அப்பொருள் பொதுப்பேரவையின் நிகழ்ச்சி நிரலில் ஏறியதும் நாளிதழ்களில் வந்தபோது, ஆசிரியர் அச்செய்திகளை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டினார். அந்தக் கண்டம் ஒரு சில நாடுகளின் சொத்தன்று, மனித குலம் முழுமைக்கும் உரியது என்பது அன்றைய மலேசியாவின் வாதம். அண்டார்க்டிகா உடன்படிக்கையில் மலேசியா சேர்ந்தது 2011இல். செய்தித்தாள் துண்டுகளை ஒட்டிய சுவர் அதற்கு வெகு முன்பே இடிக்கப்பட்டுவிட்டது.

உஷுவாயா, பீகிள் நீரிணையின் வடகரையில், ஏறத்தாழ 55 பாகைத் தென் அகலாங்கில் இருக்கிறது. பின்னால் பனி தரித்த மலைகள். முன்னால் ஈயநிறக் கடல். இரண்டுக்கும் நடுவே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். தெருக்கள் சில, மாட்டுவண்டி ஏறவே தயங்கும் செங்குத்தானவை. சாயமடித்த தகர வீடுகளுக்கு இடையே அடுக்குமாடிக் கட்டடங்கள் ஒழுங்கின்றி முளைத்திருக்கின்றன. அழகிய ஊர் என்று அதைக் கூற முடியாது. அழகிய இடத்தில் அவசரமாகக் கட்டிய ஊர் எனலாம். 1972இல் அர்ஜென்டினா அரசு அத்தீவுக்கு வரிவிலக்கு அளித்துத் தொழிற்சாலைகளை வரவழைத்ததன் பின்னரே அது பெருகியது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். ஊருக்கு வெளியே, ஓயாது ஒரே திசையில் வீசும் காற்றுக்கு வளைந்து, கொடி பறப்பதுபோல் ஒருபக்கமாகவே கிளை நீட்டி நிற்கும் மரங்கள் உண்டு. இரவு பத்து மணிக்கும் வானில் வெளிச்சம் மங்குவதில்லை. முதல்நாள் ஆசிரியர் இரவு உணவை மாலைச் சிற்றுண்டி என்று எண்ணி உண்டார்.

துறைமுகம் என்று பார்த்தால், கிள்ளான்காரர் வியப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. 1901இல் ஸ்வெட்டன்ஹம் துறைமுகம் என்ற பெயரோடு சதுப்பில் தொடங்கி, மலேரியாவில் அழிந்துபோகவிருந்து மீண்டு, 1972இல் பெயர் மாறி, இன்று உலகின் பெரிய கொள்கலத் துறைமுகங்களுள் ஒன்றாக நிற்கும் கிள்ளான் துறைமுகத்தின் முன், உஷுவாயாவின் ஒற்றைப் பாலம் போன்ற கப்பல் மேடை ஒரு மீன்பிடித் துறை. ஆயினும் அண்டார்க்டிகாவுக்குச் சுற்றுலாச் செல்வோரில் மிகப் பெரும்பாலோர் கப்பலேறுவது அந்த மேடையிலிருந்துதான். அங்கிருந்து டிரேக் நீரிணையைக் கடந்தால் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். இரண்டு நாள் ஓட்டம். நவம்பர் முதல் மார்ச் வரை கப்பல்கள் வந்து, ஒரு கூட்டத்தை இறக்கி, அன்று மாலையே மற்றொரு கூட்டத்தை ஏற்றிச் செல்கின்றன. அங்கே ஒரே இடத்தில் ஒரே வேளையில் நூறு பேருக்குமேல் கரையிறங்கக் கூடாது என்ற விதி இருப்பதால், துருவக் கப்பல்கள் பெரும்பாலும் சிறியவை.

ஆகவே அது காத்திருப்போரின் ஊர். சான் மார்ட்டின் தெருவில் மேலும் கீழும் நடப்பவர்களில் பாதிப்பேர் கப்பலுக்குக் காத்திருப்பவர்கள். அவர்கள் அணிந்திருக்கும் புத்தம்புது நீர்புகா மேலாடைகளே அதைக் காட்டிக்கொடுக்கும். கடைதோறும் ‘உலகின் முடிவு’ என்ற சொற்கள். உலகின் முடிவில் தேநீர்க் கடை, உலகின் முடிவில் சலவைக்கடை, உலகின் முடிவில் அஞ்சலகம். நீரிணையின் அக்கரையில், சிலி நாட்டின் நவரினோ தீவில், புவர்ட்டோ வில்லியம்ஸ் என்ற சிற்றூர் இன்னும் தெற்கே இருக்கிறது. 2019இல் சிலி அதற்கு நகரத் தகுதி அளித்துவிட்டது. உலகின் முடிவுக்கு இரு நாடுகள் வழக்காடுகின்றன. இத்தகைய பெருமைகளில் நமக்கும் அனுபவம் உண்டாதலால் சிரிப்பதற்கில்லை.

உணவகங்களின் கண்ணாடித் தொட்டிகளில் முள்ளும் காலுமாய்ப் பெரிய நண்டுகள் ஊர்ந்தன. ஒன்றைக் காட்டி விலை கேட்ட மகள், அதைக் கேட்ட மாத்திரத்தில், ‘அப்பா, பூலாவ் கெத்தாமிலே இதுக்கு ஒரு குடும்பமே சாப்பிட்டுட்டு வரலாம்’ என்றாள். அன்று இருவரும் காய்கறிச் சாறும் ரொட்டியும் உண்டனர்.

முதல் முழுநாளில் சிறைச்சாலையைப் பார்த்தார்கள். உஷுவாயாவைப் பார்க்கப் போகிறவர் எவரும் சிறையைத் தவிர்க்க இயலாது. ஊரை வளர்த்ததே சிறைதான். 1902இல் கைதிகளே கல்லுடைத்துக் கட்டத் தொடங்கினார்கள். விசிறிபோல் விரியும் ஐந்து கிளைகள். கிளைக்கு 76 அறைகள். வேறுவேறு கடல்களில், ஏறத்தாழ ஒரே காலத்தில், அந்தமானிலும் இதே எண்ணத்தில் இதே வடிவத்தில் ஒரு சிறை எழுந்ததைத் தமிழர் அறிவர். தப்பினால் போவதற்கு இடமில்லாத தீவே மதிலாகும் என்பதுதான் அந்த எண்ணம். நீலமும் மஞ்சளும் பட்டையிட்ட உடையணிந்த கைதிகள் காட்டுக்குச் சென்று மரம் வெட்டுவதற்கென ஒரு சிறு இருப்புப்பாதை போட்டார்கள். அதன் ஒரு பகுதியில் 1994 முதல் சுற்றுலா இரயில் ஓடுகிறது. ஊருக்கு மின்சாரமும் அச்சகமும் தீயணைப்பும் ஒருகாலத்தில் சிறையிலிருந்தே கிடைத்தன. 1947இல் பெரோன் ஆட்சியில் சிறை மூடப்பட்டது. இன்று அது அருங்காட்சியகம். கிளைகளுள் ஒன்றைப் புதுப்பிக்காமல், வெப்பமூட்டாமல், அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தக் கிளையில் ஆசிரியர் ஐந்து நிமிடங்களுக்குமேல் நிற்க முடியவில்லை. வாடகை மேலாடைக்குள்ளும் குளிர் ஏறியது. பனி என்ற சொல்லுக்கு நடுக்கம் என்றும் பொருளுண்டு என்பதையும், பனித்தல் என்றால் நடுங்குதல் என்பதையும் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியவர், அதன் பொருத்தத்தை அங்கே கண்டார்.

நினைவுச் சின்னம் ஒன்றும் கடலோரத்தில் உண்டு. 1982ஆம் ஆண்டு மால்வினாஸ் போரில் பெல்கிரானோ என்ற போர்க்கப்பல் ஏப்ரல் 26ஆம் நாள் இத்துறையிலிருந்துதான் புறப்பட்டது. மே 2இல் மூழ்கடிக்கப்பட்டது. 323 பேர் மாண்டனர். அங்கே மலர் வைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், இவர்கள் நின்று தலைதாழ்த்தியதைக் கண்டு தம் தொப்பியைத் தொட்டார். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது.

இரண்டாம் நாள் அவர்கள் ஹார்பர்ட்டனுக்குச் சென்றார்கள். ஊருக்குக் கிழக்கே 85 கிலோமீட்டர். அந்தப் பண்ணை வீட்டைப் பற்றிக் கூறுமுன் அந்நிலத்துக்கு உரியவர்களைப் பற்றிக் கூறவேண்டும்.

உஷுவாயா என்பது ஸ்பானியச் சொல்லன்று. உள்ளாழ்ந்த விரிகுடா என்று பொருள்படும் அச்சொல் யாமனா மக்களின் மொழிக்குரியது. யாமனா என்றால் மனிதர். அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அந்நீரிணையின் கரைகளில் வாழ்ந்தவர்கள். நெய்தல் நிலத்து மக்கள், ஆனால் மணலும் தாழையும் இல்லாத நெய்தல். மரப்பட்டைத் தோணியே அவர்களுக்கு வீடு. தோணியின் நடுவில் மண்பரப்பி நெருப்பை அணையாமல் காப்பார்கள். துடுப்பு வலிப்பதும் உறையும் நீரில் மூழ்கிச் சிப்பி எடுப்பதும் பெண்களின் வேலை. உடம்பில் கடல்நாயின் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஏறத்தாழ ஆடையின்றியே அக்குளிரைத் தாங்கினர். 1520இல் மகெல்லன் அப்பக்கம் வந்தபோது கரையெங்கும் கண்ட நெருப்புகளே அந்நிலத்துக்குத் தீநிலம் என்ற பெயரைத் தந்தன. 1830களில் பீகிள் கப்பலில் வந்த இளைஞர் சார்லஸ் டார்வின் அவர்களைப் பார்த்துவிட்டு, அவர்கள் பேசுவது மொழி என்று கூறத்தக்கதே அன்று என்ற கருத்துப்பட எழுதி வைத்தார். பேரறிஞரும் காது கொடுக்காத இடத்தில் தவறிவிடுகிறார்.

காது கொடுத்தவர் ஒரு சிறுவர். தாமஸ் பிரிட்ஜஸ், பெற்றோர் யாரென்று அறியாத குழந்தையாய் இங்கிலாந்தில் கண்டெடுக்கப்பட்டு ஒரு பாதிரியாரால் வளர்க்கப்பட்டவர். வளர்ப்புத் தந்தையோடு 1856இல், பதின்மூன்று வயதளவில், பாக்லாந்துத் தீவுகளை அடுத்த கெப்பல் தீவுக்கு வந்து, அங்கிருந்த யாமனா மக்களோடு பழகி அவர்கள் மொழியைக் கற்றார். 1871இல் மனைவியோடும் கைக்குழந்தையோடும் உஷுவாயாவில் குடியேறினார். அப்போது அது ஒரு சமயப்பணி நிலையம் மட்டுமே. வாழ்நாள் முழுவதும் அவர் சொற்களைச் சேர்த்தார். அவருடைய யாமனா – ஆங்கில அகராதி ஏறத்தாழ 32,000 சொற்களைக் கொண்டது. மொழியே அன்று என்று ஒதுக்கப்பட்ட ஒன்றில் 32,000 சொற்கள்! அவற்றுள் ஒன்று, மாமிலாபினாதாபாய், கின்னஸ் நூலிலும் இடம்பெற்றது. இருவர் ஒருவரையொருவர் நோக்கி, இருவரும் விரும்பும் ஒன்றை மற்றவர் தொடங்கட்டும் என்று இருவருமே காத்து நிற்பதை அந்த ஒரே சொல் குறிக்கும். அகப்பாடல்களை நடத்தியவர்க்கு அந்த நோக்கு புதிதன்று. ஆனால் அதை ஒரு சொல்லில் அடைக்கத் தமிழுக்குத் தோன்றவில்லையே என்று ஆசிரியர் வண்டியில் போகும்போது வியந்துகொண்டார்.

1884ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் கடற்படைக் கப்பல்கள் வந்தன. அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் ஏற்றிய கொடிதான் உஷுவாயா நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. கப்பல்களோடு தட்டம்மையும் வந்தது. அதற்குமுன் அந்நோயை அறியாத உடம்புகள். சுற்றிலும் வாழ்ந்த யாமனா மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். அந்நூற்றாண்டின் நடுவில் மூவாயிரம் பேர் என மதிப்பிடப்பட்ட இனம், அடுத்த தலைமுறைக்குள் சில நூறாகக் குறைந்தது. நகரின் பிறந்தநாளும் மக்களின் மறைவும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததை அருங்காட்சியகப் பலகைகள் அடுத்தடுத்த வரிகளில் கூறுகின்றன, உரக்கக் கூறவில்லை.

பிரிட்ஜஸ் 1886இல் சமயப்பணியிலிருந்து விலகி, அரசு அளித்த நிலத்தில் ஹார்பர்ட்டன் பண்ணையை அமைத்தார். வீடு இங்கிலாந்தில் தச்சு வேலை முடிந்து, பலகை பலகையாகக் கப்பலில் வந்தது. திமிங்கிலத் தாடை எலும்புகளை வளைவாக நட்டுச் செய்த வாயில் இன்றும் இருக்கிறது. அவருடைய வழித்தோன்றல்களே பண்ணையை நடத்துகிறார்கள். அங்கே கேட்ட கதைதான் ஆசிரியரை உலுக்கியது.

1897இன் இறுதியில் பெல்ஜிக்கா என்ற கப்பல் அண்டார்க்டிகாவை நோக்கிச் செல்லும் வழியில் அந்நீரிணைக்கு வந்தது. அதில் பிரெடரிக் குக் என்ற அமெரிக்க மருத்துவரும், பின்னாளில் தென்துருவத்தை முதலில் அடையப்போகும் ஆமுண்ட்சனும் இருந்தனர். குக் அகராதியின் கையெழுத்துப் படியைக் கண்டார். அதன் மதிப்பை அறிந்தார். பெல்ஜிக்கா பனியில் சிக்கி, அண்டார்க்டிகக் கடலில் குளிர்காலம் முழுவதையும் கழித்த முதற்கப்பலாயிற்று. பென்குயின் இறைச்சியை உண்ணச் செய்து மாலுமிகளைக் காப்பாற்றியவர் இதே குக்தான். அவர் திரும்பி வருவதற்குள் 1898இல் பிரிட்ஜஸ் இறந்துவிட்டார். அச்சிட்டுத் தருவதாகக் கூறி, குடும்பத்தாரிடமிருந்து குக் கையெழுத்துப் படியைப் பெற்றுச் சென்றார். ஆண்டுகள் கழிந்தன. பிறகு, அந்த அகராதி பெல்ஜியத்தில் குக்கின் பெயரால் அச்சேறவிருப்பது தெரியவந்தது. குடும்பத்தார் வழக்குரைத்துப் போராடினர். இடையில் உலகப் போர் வந்தது. படி கைமாறிக் கைமாறி எங்கோ கிடந்தது. இறுதியில் 1933இல், ஆஸ்திரியாவில், பிரிட்ஜஸின் பெயராலேயே வெளிவந்தது. 300 படிகள் மட்டுமே. மூலப்படி பிரித்தானிய அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்தது. உஷுவாயாவில் பிறந்த அவர் மகன் லூக்கஸ் 1948இல் வெளியிட்ட தம் நூலில் இவற்றையெல்லாம் விரித்து எழுதியிருக்கிறார். மாலுமிகளின் உயிரைக் காத்தவர், ஒரு மொழியின் உயிரைத் தம் பெயரில் எழுதிக்கொள்ளப் பார்த்தார் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

அகராதி அச்சில் வந்தபோது அம்மொழியைப் பேசுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராய்ச் சுருங்கிக்கொண்டிருந்தனர். நவரினோ தீவில் 1928இல் பிறந்த கிறிஸ்தினா கால்தெரோன் என்ற மூதாட்டி, 2005இல் எமெலிண்டா அகூனா என்பவர் இறந்தபின், யாமனாவைத் தாய்மொழியாகப் பேசுகின்ற ஒரே ஒருவராக எஞ்சினார். பேசினார் என்றால், யாரோடு? பேத்தியோடு சேர்ந்து கதைகளைத் தொகுத்தார். சிறுவர்க்குச் சொற்களைக் கற்றுக்கொடுத்தார். புல்லால் கூடை முடைந்து விற்றார். சிலி அரசு 2009இல் அவரைச் சிறப்பித்தது. 2022 பிப்ரவரி 16ஆம் நாள், 93ஆம் வயதில், கொரோனா நோயின் பின்விளைவால் மறைந்தார். அவர் வாழ்ந்த உக்கிகா என்ற சிறு குடியிருப்பு புவர்ட்டோ வில்லியம்ஸின் ஓரத்தில் இருக்கிறது. யாமனா வழிவந்தவர்கள் அங்கே இன்றும் உள்ளனர். அவர் மகள் லிடியா, சிலியின் அரசமைப்புப் பேரவைக்கு 2021இல் தம் மக்களின் பேராளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சொற்களும் நூலில் உள்ளன. தாயிடமிருந்து கேட்டு அவற்றைப் பேசியவர்தான் இல்லை.

திரும்பி வரும் வண்டியில் ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. மகள்தான் கேட்டாள்.

‘அந்த நோட்டைத்தானே நினைக்கிறீங்க?’

அவர் தலையசைத்தார்.

‘எத்தனை தடவை சொன்னேன், கைப்பேசியிலே படம் எடுத்து வச்சிடுவோம்னு. இன்னும் முடியலே, முடியட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க.’

அந்தக் குறிப்பேட்டை அவர் தொடங்கியது 1981இல். அவருடைய தந்தை 1937இல், இந்திய அரசு கூலிப் பயணத்தைத் தடைசெய்வதற்கு முந்திய ஆண்டில், ரஜூலா கப்பலில் வந்து இறங்கியவர். காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் வழங்கிய தமிழ் நாகப்பட்டினத்திலும் இல்லை, பாடநூலிலும் இல்லை. விடியற்காலையில் பெயர் கூப்பிடக் கூடுவது பெரட்டு. பால் விழும் கோப்பை மங்கு. மலாயின் மங்கோக்கில் பிறந்தது. மரப்பட்டையிலும் மங்கிலும் உறைந்து போனது ஒட்டுப்பால். பால்வாளிகளைத் தோளில் தாங்கும் தடி காண்டா. எழுத்தர் கிராணி, கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் ஆயாக் கொட்டகை, மரம் வெட்டாமல் புல்வெட்டவும் உரம்போடவும் போவது வெளிக்காட்டு வேலை. மாணவன் ஒருவன் கட்டுரையில் ஒட்டுப்பால் என்று எழுதியதை, அகராதியில் இல்லாத சொல் என்று இளம் ஆசிரியராக இருந்த இவரே சிவப்பு மையால் அடித்தார். அன்று மாலை தந்தை அதைக் கேட்டுச் சிரித்து, ‘அந்த ஒட்டுப்பால் காசிலதான்டா நீ படிச்சே’ என்றார். அடித்ததை அழிக்க முடியவில்லை. மறுநாள் குறிப்பேடு வாங்கினார்.

சொல் வளரவளரத் தோட்டம் சுருங்கியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. அவர் முதலில் பணியாற்றிய தோட்டப்பள்ளியின் பிள்ளைகள் கிள்ளான் நகருக்குக் குடிபெயர்ந்தனர், பள்ளி மூடப்பட்டது. 1957இல் 888 ஆக இருந்த நாட்டின் தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். எஞ்சியவற்றில் பல, கட்டடத்தாலும் தேர்ச்சியாலும் முன்னைவிட மேம்பட்டவை என்பதையும் சொல்லவேண்டும். நகரத்துப் பிள்ளைகள் நல்ல தமிழ் எழுதுகிறார்கள். பெரட்டு என்றால் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. அந்த இருட்டு விடியல்களிலிருந்து அவர்களை வெளியேற்றத்தானே இவர் போன்றவர்கள் பாடுபட்டார்கள்? குறிப்பேட்டில் 800க்குச் சற்று மேற்பட்ட சொற்கள் சேர்ந்திருந்தன. சொல் கூறிய முதியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்விட்டனர். பயணத்தின்போது கப்பலில் ஓய்வாக உட்கார்ந்து அகரவரிசைப்படுத்திச் செப்பமாக எழுதிவிடலாம் என்றுதான் பெட்டியில் வைத்தார்.

தென்புலத்தார் என்று வள்ளுவர் முன்னோரைக் குறித்தார். இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவகையினரில் முதலில் வைக்கப்பட்டவர்கள் அவர்கள். இறந்த முன்னோர் தென்திசையில் உறைவதாகக் கொண்டனர் நம் மூதாதையர். ஆண்டுதோறும் அந்தக் குறளை விளக்கியவருக்கு, தெற்கு என்பது இத்தனை தொலைவு தெற்கு என்று தெரிந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையிலும் பெட்டி வரவில்லை. மகள் விமான நிலையத்துக்கும் விடுதிக்கும் இடையே தொலைபேசியில் ஓயாது பேசினாள். புவெனஸ் ஐரிஸில் ஒரு பெட்டி கிடக்கிறது, அது இதுவாக இருக்கலாம் என்றார்கள். பத்து நாள் கழித்துத் திரும்பும்போது பார்க்கலாம் என்றார்கள். பிறகு அவள் கடைத்தெருவுக்குப் போய்க் கையுறை, இரண்டு கம்பளிக் காலுறை, ஒரு பள்ளிக் குறிப்பேடு ஆகியவற்றை வாங்கி வந்தாள். குறிப்பேட்டின் அட்டையில் பென்குயின் படம் போட்டிருந்தது. அதை ஒன்றும் சொல்லாமல் தந்தையின் மேசைமேல் வைத்தாள்.

மாலை நான்கு மணிக்குக் கப்பலேறினார்கள். ஏறியவுடனே சோதனை. அண்டார்க்டிகாவுக்கு அயல்மண்ணோ விதையோ போய்விடக் கூடாதென்று, கரையிறங்கும்போது அணியவிருக்கும் காலணி, மேலாடை, பை அனைத்தையும் பார்த்தார்கள். காலணிகளைத் தூரிகையால் தேய்த்துக் கிருமிநீக்கும் நீரில் நனைத்தார்கள். பைகளின் மூலைமுடுக்கைக் காற்றுறிஞ்சியால் துழாவினார்கள். 1946இல் ரோமத்துக்காக அந்தத் தீவில் கொண்டுவந்து விட்ட சில சோடி நீர்நாய் போன்ற பீவர்கள் பெருகிக் காடுகளை அழித்துக்கொண்டிருப்பதை நேரில் கண்ட ஊரில், இந்தக் கண்டிப்பு மிகையாகத் தோன்றவில்லை. ஆசிரியரிடம் சோதிக்க அதிகம் இல்லை. எல்லாம் வாடகையும் புதியதும்.

ஆறு மணிக்குக் கயிறு அவிழ்த்தார்கள். கப்பல் கிழக்கு நோக்கித் திரும்பியது. உஷுவாயாவின் தகரக் கூரைகள் பின்னால் சிறுத்தன. மலைமேல் மேகம் இறங்கி ஊரை மூடியது. பயணிகள் தளத்தில் நின்று படமெடுத்துக் களைத்து உள்ளே போனார்கள். ஆசிரியர் சன்னலோரத்தில் அமர்ந்து புதிய குறிப்பேட்டைத் திறந்து, எண் போட்டு எழுதத் தொடங்கினார். பெரட்டு. மங்கு. உளி. நிரை. காண்டா. ஒட்டுப்பால். கிராணி. இரவு ஒன்பது மணிக்குள் 147 வந்தன. பிறகு நின்றது.

வலப்புறக் கரையில் விளக்குகள் தோன்றின. அதுதான் புவர்ட்டோ வில்லியம்ஸ் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. விளக்குகளின் கிழக்கோரத்தில், சற்றுத் தள்ளி, நாலைந்து தனியாக மினுக்கின. அவை உக்கிகாவுடையவையோ வேறோ, கப்பலிலிருந்து யார் சொல்வது? அவை கண்ணை விட்டு மறையும் வரை ஆசிரியர் பார்த்திருந்தார்.

‘ஒரு சொல் வரமாட்டேங்குது’ என்றார் மகளிடம். ‘மரத்திலே, பால் வழிஞ்சு மங்கிலே விழறதுக்குன்னு பட்டையிலே செருகியிருப்பாங்களே, வளைஞ்ச சின்னத் தகரம். அதுக்கு ஒரு பேர் உண்டு. உன் ஆத்தாள் நாள் முழுக்கச் சொல்லும்.’

அவள் யோசித்தாள். அவளுக்கு அந்தத் தகரம் நினைவிருந்தது, பேர் இல்லை. கைப்பேசியை எடுத்து, கிள்ளானில் யாரிடமாவது கேட்கலாமா என்றாள். அங்கே அப்போது காலை எட்டு மணி. யாரிடம் கேட்பது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அவர் 148 என்று எண் போட்டு, அதற்கெதிரே பொருளை மட்டும் எழுதி, சொல்லுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அடுத்த எண்ணைப் போட்டார். கப்பல் அசையத் தொடங்கியிருந்தது.